சாலை விபத்தும் நஷ்டஈடும்
(ஊராட்சி உறுப்பினர்களுக்கும் உழவர்களுக்கும் ஆற்றிய உரை)



திருவாரூர்க் கோயிலுக்குச் சென்றவர்கள் அங்குள்ள கல்தேரைக் கண்டிருப்பீர்கள். மனுநீதிச் சோழனுடைய மைந்தன் ஏறிச் சென்ற தேர்க்காலில் பசுங்கன்று ஒன்று அகப்பட்டு மாண்டதும், தாய்ப்பசு அரண்மனை வாயிலில் கட்டியிருந்த ஆராய்ச்சி மணியை அசைத்ததும், அரசன் தன் மகன் என்றும் பாராமல் நீதி வழங்கியதும் நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிந்த கதை. எண்ணிப் பார்த்தால் அது ஒரு சாலை விபத்தின் கதையே ஆகும். வண்டியை ஓட்டியவன் பொறுப்பாளி என்பதும், அடிபட்டவர் எத்துணை எளியவராயினும் முறையிட ஓர் இடம் உண்டு என்பதும் அக்கதையின் சாரமாகும்.

இன்றைய சட்டம் உயிருக்கு உயிர் கேட்பதில்லை. கெட்டுப்போன வாழ்வுக்கு ஈடு கொடுக்கச் சொல்லுகிறது. அந்த மணி இன்று எங்கே தொங்குகிறது, அதை எப்பொழுது அசைக்க வேண்டும், அசைப்பதற்கு முன் நம் கையில் என்னென்ன இருக்க வேண்டும் என்பவற்றையே நாம் இன்று ஆராயப் போகிறோம்.

நமது தஞ்சைத் தரணியில் ஒரு காலத்தில் மாட்டு வண்டியும் மிதிவண்டியும் செய்த வேலையை இப்பொழுது மோட்டார் சைக்கிள் செய்கிறது. விதை நெல்லும் உர மூட்டையும் அதிலேதான் போகின்றன. மடை திறக்கப் போவதும், கொள்முதல் நிலையத்துக்குப் போவதும் அதிலேதான். நம் சாலைகளோ பெரும்பாலும் ஆற்றங்கரைகளிலும் வாய்க்கால் கரைகளிலும் அமைந்தவை. ஒரு புறம் நீர், மறுபுறம் வயல். பாலத்துக்குப் பாலம் ஒரு வளைவு. அறுவடைக் காலத்தில் நெல் ஏற்றிய லாரிகளும் டிராக்டர்களும் அறுவடை இயந்திரங்களும் அதே சாலையில் நெருக்கியடித்துக்கொண்டு வருகின்றன. இந்நிலையில் ஒரு நொடிப் பிசகு ஒரு குடும்பத்தின் வாழ்வைக் குலைத்துவிடுகிறது. நடவு நேரத்தில் கால் முறிந்த உழவனுக்கு இழப்பு அந்தப் போகத்தோடு நிற்பதில்லை. குனியவும் குந்தவும் முடியாத கால் ஆயுள் முழுவதும் அவனுக்குப் பாரமாகிவிடுகிறது.

நஷ்டஈடு பிச்சையன்று

நஷ்டஈடு கேட்பதைச் சிலர் இழிவென எண்ணுகிறார்கள். சிலர் அது சர்க்கார் தரும் உதவி என்று எண்ணுகிறார்கள். இரண்டும் பிழை. 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், சாலையில் ஓடும் ஒவ்வொரு மோட்டார் வண்டியும் பிறருக்கு நேரும் கேட்டுக்காக இன்ஷியூரன்ஸ் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்று விதித்தது. அவ்விதி 1946 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது. அக்காலத்தில் ஈடு கேட்போர் சிவில் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டியிருந்தது. 1956ஆம் ஆண்டுத் திருத்தம் இதற்கெனத் தனித் தீர்ப்பாயங்கள் அமைய வழி செய்தது. இப்பொழுது நடைமுறையில் உள்ளது 1988ஆம் ஆண்டுச் சட்டமாகும். நம் மாநிலத்தில் மாவட்ட நீதிமன்றங்களும் சார்பு நீதிமன்றங்களும் இத்தீர்ப்பாயங்களாகப் பணியாற்றுகின்றன.

ஆகவே, வண்டி வைத்திருக்கும் நாம் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் செலுத்தும் பிரீமியத்திலிருந்துதான் அடிபட்டவருக்குப் பணம் வருகிறது. அதைக் கேட்பது உரிமை. ஆனால் அந்த உரிமை பெரும்பாலும் நீதிமன்றத்தில் கெடுவதில்லை. விபத்து நடந்த முதல் சில நாட்களில், நம் அறியாமையால், நம் ஊரிலேயே கெட்டுவிடுகிறது. இதுவே நாம் வற்புறுத்த விரும்பும் கருத்து.

முதல் நாள்

முதற்கடமை உயிரைக் காப்பது. 108 வண்டியை அழைத்து, அடிபட்டவரைத் தக்க ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். கையில் பணமில்லையே என்று தயங்க வேண்டியதில்லை. தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின்படி, அங்கீகரிக்கப்பட்ட அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றி அளிக்கப்படுகிறது. 2025 மே மாதத்தில் மத்திய அரசு அறிவித்த திட்டம், குறிக்கப்பட்ட மருத்துவமனைகளில் விபத்து நாளிலிருந்து ஏழு நாட்கள் வரை, ஒன்றரை லட்ச ரூபாய் வரையில் சிகிச்சைக்கு வகை செய்கிறது.

அடிபட்டவரைத் தூக்கிச் சென்றால் போலீஸ், கோர்ட் என்று அலைய நேரிடும் என்ற அச்சம் நம் மக்களிடம் வேரூன்றியிருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2016ஆம் ஆண்டிலேயே இத்தகையோருக்குப் பாதுகாப்பு அளித்தது; பின்னர் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 134-ஏ பிரிவாக அது சட்டத்திலும் ஏறியது. நல்லெண்ணத்தோடு உதவியவர் தம் பெயரையும் முகவரியையும் கூறுமாறு வற்புறுத்தப்படக் கூடாது. சாட்சியாக இருப்பதும் அவர் விருப்பமே.

இரண்டாவது, ஆஸ்பத்திரியில் நாம் சொல்லும் சொல். விபத்துப் பதிவேட்டில் டாக்டர் ஒரு வரி எழுதுகிறார். உடன் சென்றவர் பதற்றத்தில், “வண்டியிலிருந்து விழுந்துவிட்டார் ஐயா” என்று மட்டும் சொன்னால், ‘தானே விழுந்தவர்’ என்று அங்கே பதிவாகிவிடும். பின்னர் லாரி இடித்தது என்று மனுச் செய்யும்போது, இன்ஷியூரன்ஸ் கம்பெனியின் வழக்கறிஞர் அந்த ஒரு வரியைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார். எந்த வண்டி இடித்தது, எந்த இடத்தில், எத்தனை மணிக்கு என்பதை உள்ளது உள்ளபடியே அங்கு சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது, போலீஸில் புகார். எந்த நிலையத்தின் எல்லை என்ற தகராறு வேண்டாம். 2024 ஜூலை முதல் நடைமுறையிலிருக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கட்டணமின்றிப் பெறலாம். இடித்த வண்டியின் எண், வண்டிகள் கிடந்த நிலையின் படம், கண்டவர்கள் பெயர் ஆகியவற்றை அன்றே குறித்துக்கொள்வது ஊராட்சி உறுப்பினர் செய்யக்கூடிய பேருதவியாகும். படம் எடுக்கும் கைப்பேசி இல்லாத தெரு இன்று இல்லை.

வெள்ளைத்தாள் சமரசம்

இனி, நம் ஊர்களின் ஒரு பழக்கத்தைப் பற்றி ஒளிவுமறைவின்றிப் பேச வேண்டியிருக்கிறது. விபத்து நடந்த மறுநாள் வண்டிக்காரரின் உறவினர் நால்வர் வருவார்கள். “நமக்குள் எதற்குப் போலீஸும் கோர்ட்டும்? ஆஸ்பத்திரிச் செலவுக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள்” என்று இருபதினாயிரமோ முப்பதினாயிரமோ கொடுப்பார்கள். ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் வெள்ளைத்தாளில் கையொப்பமும் வாங்கிக்கொள்வார்கள். அடிபட்டவர் குடும்பத்தார் அழுத கண்ணோடு அந்தப் பணத்தைப் பெற்றுக்கொள்வார்கள். ஊரில் அமைதி நிலவியது என்று நாமும் மனநிறைவு கொள்வோம்.

மூன்று மாதம் கழித்துத்தான் உண்மை தெரியவரும். எலும்பு கூடவில்லை, இன்னொரு அறுவை தேவை என்பார் டாக்டர். அப்பொழுது முதல் தகவல் அறிக்கை இராது, சாட்சிகள் மறந்திருப்பார்கள், வண்டி கைமாறியிருக்கும். கொடுக்க வேண்டிய கம்பெனிக்குச் செய்தியே எட்டியிராது. சமரசம் செய்து வைத்த நாம் ஏழையின் உரிமையை மிகக் குறைந்த விலைக்கு விற்றவர்களாவோம்.

சமாதானம் நல்லதே. ஆனால் காயத்தின் முழு அளவு தெரியுமுன் பேசப்படும் சமரசத்துக்கு ஊராட்சி உறுப்பினர் யாரும் சாட்சிக் கையொப்பம் இடலாகாது. இன்ஷியூரன்ஸ் உள்ள வண்டியாயின், வழக்கினால் வண்டிக்காரரின் சொந்தப் பணத்துக்குப் பெரும்பாலும் இடையூறு இல்லை என்பதையும் அவருக்கு எடுத்துச் சொல்லலாம்.

எங்கே, எப்பொழுது?

விபத்து நடந்த இடத்திலோ, மனுதாரர் வசிக்கும் இடத்திலோ, எதிர்த்தரப்பார் வசிக்கும் இடத்திலோ உள்ள தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். பட்டுக்கோட்டைக்காரர் ஒருவர் சேலத்தில் அடிபட்டால் சேலத்துக்கு நடையாய் நடக்க வேண்டியதில்லை.

காலத்தைப் பற்றிக் கவனமாய் இருத்தல் வேண்டும். முன்னர்க் கெடு ஏதுமில்லாத நிலை இருந்தது. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி விபத்து நடந்த ஆறு மாதங்களுக்குள் மனுச் செய்ய வேண்டும். இக்கெடுவைக் குறித்து உச்ச நீதிமன்றம் வரையில் வழக்குகள் எழுந்ததுண்டு. எனினும் அவற்றை நம்பிக் காலத்தைக் கடத்துதல் அறிவுடைமையாகாது. குறுவை நட்டபோது நடந்த விபத்துக்குச் சம்பா அறுவடைக்குப் பின் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டால் ஆறு மாதம் போனது தெரியாது.

போலீஸாருக்கும் கடமைகள் உண்டு. 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையும், 90 நாட்களுக்குள் விரிவான அறிக்கையும் தீர்ப்பாயத்துக்குச் சேர வேண்டும் என்று 2022ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. அந்த அறிக்கையையே மனுவாக ஏற்கவும் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. புலனாய்வு அதிகாரி கேட்கும் ஆவணங்களை உடனுக்குடன் கொடுத்தால் வேலை பாதியாகக் குறையும்.

இன்னொரு நுட்பமும் தெரிந்திருக்க வேண்டும். யார் மீது தவறு என்று நிரூபிக்காமலே, மரணத்துக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு 2½ லட்சமும் பெறச் சட்டத்தின் 164ஆம் பிரிவு வழி செய்கிறது. விரைவில் கிடைக்கும் தொகைதான். ஆனால் அதைக் கம்பெனியிடமிருந்து உரிய முறைப்படி ஏற்றுக்கொண்டால் தீர்ப்பாயத்திலுள்ள பெரிய மனு அற்றுப்போகும். சிறு காயத்துக்கும் பெருங்காயத்துக்கும் ஒரே முடிவு பொருந்தாது. மக்கள் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்ட தொகைக்கும் மேல்முறையீடு கிடையாது. ஆகவே ஒப்புமுன் கணக்குப் பார்க்க வேண்டும்.

கணக்கு எவ்வாறு?

கணக்கு என்றதும் மலைக்க வேண்டாம். நெல் கணக்கு அறிந்த நமக்கு இது பெரிதன்று. 2009ஆம் ஆண்டில் சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் வயதுக்கேற்ற பெருக்கல் எண்களை வகுத்தது. 26 முதல் 30 வயது வரை 17. 36 முதல் 40 வரை 15. 46 முதல் 50 வரை 13. 56 முதல் 60 வரை 9. 2017இல் பிரணய் சேத்தி வழக்கில், சொந்தத் தொழில் செய்வோருக்கும் வருங்கால வருமான உயர்வைச் சேர்க்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. 40 வயதுக்குட்பட்டவருக்கு நூற்றுக்கு 40, 40 முதல் 50 வரை 25, 50 முதல் 60 வரை 10 என்பது அந்த விகிதம். ஊனமுற்றுப் பிழைத்தவருக்கும் இவ்வுயர்வு உண்டென்பதைப் பின்வந்த தீர்ப்புகள் தெளிவாக்கின.

எடுத்துக்காட்டாக, 38 வயதுடைய உழவர் ஒருவரின் மாத வருமானம் 12,000 ரூபாய் என்று கொள்வோம். ஆண்டுக்கு 1,44,000. அதனோடு நூற்றுக்கு 40 வீதம் 57,600 சேர்த்தால் 2,01,600. அதை 15ஆல் பெருக்கினால் 30,24,000. அவருடைய உழைப்புத் திறனில் நூற்றுக்கு 30 பங்கு போயிற்று என்றால் 9,07,200 ரூபாய். 60 பங்கு போயிற்று என்றால் 18,14,400 ரூபாய். வைத்தியச் செலவு, படுக்கையில் கிடந்த நாட்களின் வருமானம், சத்துணவு, போக்குவரத்து, வலியும் வேதனையும் ஆகியவற்றுக்கு உரியவை தனி. வட்டியும் உண்டு.

இங்கே ‘30’ என்பதற்கும் ‘60’ என்பதற்கும் உள்ள வேறுபாடே பல வழக்குகளின் உயிர்நிலை. 2010ஆம் ஆண்டில் முடிவாகிய ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒன்றைத் தெளிவாக்கியது: டாக்டர் எழுதும் ஊன விகிதம் வேறு, அதனால் கெடும் பிழைப்பின் விகிதம் வேறு. கை இழந்த குமாஸ்தா வேலையில் நீடிக்கக்கூடும். கை இழந்த தச்சர் என் செய்வார்? முழங்கால் மடங்காதவர் மேசை முன் உட்காரலாம். நாற்றங்காலில் குனிய முடியுமா? வரப்பில் மூட்டை தூக்க முடியுமா? 2014இல் கால் இழந்த காய்கறி வியாபாரி ஒருவரின் வழக்கில், அவர் தொழிலுக்குக் கால்கள் இன்றியமையாதவை என்று கண்டு, இழப்பு நூற்றுக்கு 85 என்று உச்ச நீதிமன்றம் கொண்டது. ஆகவே உழவர் தம் வேலை எத்தகையது, அதில் எவையெவை இப்பொழுது முடியவில்லை என்பதைத் தீர்ப்பாயத்தில் விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

வருமானத்துக்குச் சம்பளச் சீட்டு நம்மிடம் இல்லை. எனினும் சிட்டா, அடங்கல், கூட்டுறவுச் சங்கத்தின் பயிர்க்கடன் கணக்கு, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் ரசீது, பால் சங்கப் புத்தகம், குத்தகைப் பதிவு ஆகியவை நல்ல சான்றுகள். ‘நிலம் அப்படியேதானே இருக்கிறது, என்ன நஷ்டம்?’ என்று எதிர்த்தரப்பு கேட்கக்கூடும். உழைப்பும் மேற்பார்வையும் போனது நஷ்டமே. இப்பொழுது ஆள் வைத்துச் செய்யும் வேலைக்குக் கொடுக்கும் கூலியைக் குறித்து வைத்தால் அதற்கு விடையாகும். ஏடு ஏதுமில்லாத கூலியாட்களும் மனந்தளர வேண்டாம். கருநாடகத்துக் கூலித் தொழிலாளி ஒருவர் தமக்கு மாதம் 4,500 ரூபாய் வருமானம் என்றார்; தீர்ப்பாயம் 3,000 என்று குறைத்தது; உச்ச நீதிமன்றம் 2011இல் அவர் சொன்னதையே ஏற்றது.

ஈடு கிடைக்காத இடங்கள்

உண்மையை மறைத்து ஆசை காட்டுதல் கூடாது. தம் கவனக்குறைவால் தாமே விழுந்தவருக்குத் தீர்ப்பாயத்தில் இந்த ஈடு இல்லை. வண்டியின் உரிமையாளர் தம் பெயரில் 15 லட்ச ரூபாய்த் தனிநபர் விபத்துக் காப்பீடு வைத்திருந்து, ஓட்டுநர் உரிமமும் உடையவராயின், மரணத்துக்கும் பெரும் ஊனத்துக்கும் அதிலிருந்து பெறலாம். பின்னால் உட்கார்ந்து செல்பவரின் நிலையும் அறியத்தக்கது. எதிரே வந்த வண்டி தவறு செய்திருந்தால் அதன் கம்பெனி கொடுக்கும். தாம் சென்ற மோட்டார் சைக்கிளே தவறு செய்திருந்தால், சட்டம் கட்டாயமாக்கிய குறைந்த காப்பீடு மட்டும் உள்ள வண்டி அவருக்குத் துணையாகாது. மனைவி மக்களை ஏற்றிச் செல்பவர்கள் விரிவான காப்பீடு எடுத்தல் நலம்.

இடித்த வண்டி நிற்காமல் ஓடிவிட்டால், மரணத்துக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் பெற 2022ஆம் ஆண்டுத் திட்டம் உள்ளது. இதற்கு நீதிமன்றம் போக வேண்டாம். வட்டாட்சியர் அல்லது கோட்ட அதிகாரி விசாரித்து, மாவட்ட ஆட்சியர் ஆணையிடுவார். இத்திட்டம் இருப்பதையே அறியாத குடும்பங்கள் பல. அவர்களைக் கண்டறிந்து மனு எழுதிக் கொடுப்பது ஊராட்சிக்கு ஏற்ற தொண்டு.

நம் கையால் பிறர் கெடலாகாது

இதுவரை நம்மை அடிபட்டவர் இடத்தில் வைத்துப் பேசினோம். நாம் வண்டிக்காரர் இடத்திலும் இருக்கிறோம் என்பதை மறக்கலாகாது. 2018 செப்டம்பர் முதல் புதிய மோட்டார் சைக்கிளுக்கு ஐந்தாண்டுப் பொறுப்புக் காப்பீட்டைச் சேர்த்தே வாங்குகிறோம். ஆறாம் ஆண்டில் அது தானே முடிந்துவிடுவதைப் பலர் கவனிப்பதில்லை. காப்பீடு இல்லாத வண்டி ஒருவரை இடித்தால் முழுத் தொகையும் உரிமையாளர் தலையில் விழும். நிலவரி பாக்கியைப் போல ஆட்சியர் மூலம் வசூலிக்கவும் சட்டம் இடந்தருகிறது. ஒரு பிரீமியத்தை மிச்சம் பிடித்து ஒரு வேலி நிலத்தை இழப்பது எவ்வகைச் சிக்கனம்? டிராக்டருக்கும் அதன் டிரெய்லருக்கும் காப்பீடு வேண்டும். இரவில் செல்லும் டிரெய்லரின் பின்புறம் சிவப்பு விளக்கும் ஒளிரும் பட்டையும் வேண்டும்.

அறுவடைக் காலத்தில் சாலையில் நெல்லைக் காயப் போட்டு, சுற்றிலும் கல்லும் மரக்கிளையும் வைக்கிறோம். மழைக்கு அஞ்சி உழவன் படும் பாடு நாம் அறியாததன்று. ஆயினும் இரவில் அந்தக் கல்லில் மோதி விழுபவனும் ஓர் உழவன் மகனே. அவனுக்கு எந்த இன்ஷியூரன்ஸ் கம்பெனி கொடுக்கும்? இடித்த வண்டி என்று ஒன்று இல்லையே! பொதுவழியில் இடையூறு செய்வது 5,000 ரூபாய் வரை அபராதத்துக்குரிய குற்றமுமாகும். அபராதத்துக்கு அஞ்சி அன்று, அயலான் உயிருக்கு அஞ்சியே இதை நிறுத்த வேண்டும். ஒவ்வோர் ஊராட்சியும் போதிய உலர்களம் அமைக்க முன்வர வேண்டும். அதுவரையில் பொழுது சாயுமுன் கற்களையாவது அகற்ற வேண்டும்.

உறுப்பினர்களே! நாம் செய்யத்தக்கவை சில. ஊராட்சி அலுவலகச் சுவரில் ஆறு மாதக் கெடுவையும், பெற வேண்டிய காகிதங்களின் பெயர்களையும் எழுதி வைப்போம். முதல் தகவல் அறிக்கை, விபத்துப் பதிவேட்டு நகல், காயச் சான்றிதழ், மருந்து ரசீதுகள், ஊனச் சான்றிதழ் ஆகியவற்றை ஒரே உறையில் சேர்த்து வைக்கப் பழக்குவோம். பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஊனமுற்றோர், வருமானம் குறைந்தோர் ஆகியோருக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தரும் என்பதைச் சொல்லுவோம். கிடைக்கும் தொகையில் இத்தனை பங்கு என்று பேரம் பேசும் தரகரை ஆஸ்பத்திரி வாசலிலேயே விலக்குவோம். வழக்கறிஞர்களுக்கும் அவ்வாறு பங்கு பேச விதி இடங்கொடுப்பதில்லை. ஓட்டாதவரை ஓட்டியவராகவும், இடிக்காத வண்டியை இடித்ததாகவும் காட்டும் பொய் வழக்குக்கு ஒருபோதும் துணை போகாதிருப்போம். ஒரு பொய் வழக்கு பத்து உண்மை வழக்குகளின் மீது ஐயத்தை விளைவிக்கும்.

அன்று தாய்ப்பசு தானே நடந்து சென்று மணியை அசைத்தது. இன்று அடிபட்டவர் கட்டிலில் கிடக்கிறார்; அவர் மனைவி ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைகிறாள். மணிக்கயிறு எங்கே இருக்கிறது என்பதை அவளுக்குக் காட்டுவதும், அது அவள் கைக்கு எட்டும்படி செய்வதும் நம் கடமை. அக்கடமையைச் செய்வோமாக.